பழைய நெட்புக்குக்கு ஒரே பென்டிரைவ்: வென்டாய் எப்படி?

சர்வீஸ் கடையில் என் மேசைக்கு வருவதெல்லாம் 1 ஜிபி ராமும் இன்டெல் ஆட்டம் (Atom) பிராசஸரும் வைத்த நெட்புக், டிவிடி டிரைவ் செத்துப்போன டெஸ்க்டாப் வகையறாதான். முன்பெல்லாம் ஓஎஸ் (இயங்குதளம்) மாறும்போதெல்லாம் பென்டிரைவை அழித்து அழித்து எழுத வேண்டும். பல ஓஎஸ்களை ஒரே பென்டிரைவிலிருந்து பூட் செய்ய உதவும் வென்டாய் (Ventoy) வந்தபின் அந்தத் தொல்லையே இல்லை. ஒருமுறை அதை நிறுவிவிட்டால், பிறகு ஐஎஸ்ஓ கோப்புகளை (ஓஎஸ் நிறுவ டவுன்லோடு செய்யும் கோப்புகள்) சும்மா காப்பி செய்து போட வேண்டியதுதான். பூட் ஆனதும் பட்டியல் வரும். வேண்டியதைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டலாம். காசும் கிடையாது, திறமூல மென்பொருள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, கணினியைத் துவக்கும் அடிப்படை மென்பொருள் பழைய பயாஸ் ஆனாலும், அதற்குப் பின் வந்த யூஇஎஃப்ஐ ஆனாலும், இரண்டிலும் அதே பென்டிரைவ் ஓடுவது. 64 பிட் பிராசஸரை வைத்துவிட்டு 32 பிட் யூஇஎஃப்ஐ கொடுத்த பே டிரெயில் (இன்டெல்லின் ஒரு ஆட்டம் சிப் வரிசை) டேப்லட்டுகளிலும் மெனு வருகிறது. அவற்றோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

32 பிட் மெஷினுக்கு நான் போடுவது ஆன்டிஎக்ஸ் (antiX) என்ற இலகுவான லினக்ஸ். இன்னொரு லினக்ஸான டெபியன்தான் வேண்டும் என்றால் அதன் பதிப்பு 12-ஐ எடுங்கள்; 2025-இல் வந்த 13-க்கு 32 பிட் பிசி இன்ஸ்டாலரே கிடையாது.

ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினி வைத்திருப்பவர்களுக்கு வென்டாய் உதவாது. அதற்கு ராஸ்பெரி பை இமேஜர் என்ற மென்பொருள்தான் சரி. எஸ்டி கார்டில் எழுதும்போதே வைஃபை, பயனர் பெயர், எஸ்எஸ்ஹெச் (வேறு கணினியிலிருந்து நெட்வொர்க் வழியாக இயக்கும் வசதி) எல்லாம் அமைத்துவிடலாம், மானிட்டரே தேவையில்லை.

ஒரு விஷயம்: வென்டாயை முதன்முறை நிறுவும்போது பென்டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். கல்யாண போட்டோ ஏதும் இருந்தால் முதலில் எடுத்து வையுங்கள்.