தோட்டத்து மாதாந்திர ஆட்டமா, மாநில அமெச்சூர் தொடரா?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் கோல்ஃப் ஆடும் தம்பிகள் இருவர் கேட்டார்கள்: தோட்டத்து (எஸ்டேட்) திடலோடு இருப்பதா, பேராக்கைச் சுற்றி ஆடும் அமெச்சூர் தொடரில் சேர்வதா?

செலவு
தோட்டம்: ஆட்டக் காசும் பசியாறும் காசும் போதும்.
தொடர்: ஆண்டுக் கட்டணம், ஒவ்வொரு திடலுக்கும் கிரீன் ஃபீ (ஆடுவதற்கான கட்டணம்), பக்கி (திடலில் ஓட்டும் வண்டி), ஈப்போ தைப்பிங் வரை பெட்ரோல். நாலு பேர் ஒரே காரில் போனால் தாங்கும்.

ஹேண்டிகேப்
தோட்டம்: ஹேண்டிகேப், அதாவது திறனுக்கேற்ப மொத்த அடியில் கழிக்கும் சலுகை, இங்கே கண் மதிப்புதான். போன வருடம் 24 என்று எழுதிக்கொண்ட ஒருவர், கடைசிக் குழியில் பதினைந்து அடி தூரத்துப் புட்டை (பந்தைக் குழிக்குள் உருட்டுவது) ஒரே தட்டில் போட்டு, சலுகை கழித்த நெட் 61-இல் கோப்பையைத் தூக்கினார். எனக்கு மனசே ஆறவில்லை.
தொடர்: 2020-இல் வந்த உலக ஹேண்டிகேப் முறையில் நடந்தால், கடைசி 20 ஸ்கோரைத் திடலின் கடினத்துக்கேற்பக் கணக்கிட்டு, அதில் சிறந்த 8-இன் சராசரிதான் உங்கள் எண் (இண்டெக்ஸ்). ஒரு குழியில் பத்து அடித்தாலும் நெட் டபுள் போகிக்கு மேல் (அந்தக் குழியின் பார், அதாவது அதற்குரிய அடி எண்ணிக்கை, கூட இரண்டு, கூட அங்கே உங்கள் சலுகை அடி) கணக்கில் ஏறாது. திடல் கடினமானால் சலுகை அடியும் கூடும்: இண்டெக்ஸ் 20 என்றால் ஸ்லோப் (திடலின் கடின எண்) 113-இல் 20 அடி, 130-இல் சுமார் 23 (கோர்ஸ் ரேட்டிங், அதாவது சலுகையே தேவைப்படாத ஆட்டக்காரர் அங்கே அடிக்கக்கூடிய எண், பாருக்குச் சமமாக இருந்தால்). தொடங்க 54 குழி ஸ்கோர் போதும்.

நேரம்
தோட்டம்: மதியச் சாப்பாட்டுக்கு வீடு.
தொடர்: விடியுமுன் கிளம்பினால் சாயங்காலம்தான்.

புதிதாக மட்டை பிடித்தவருக்கும், ஞாயிறும் வேலை இருப்பவருக்கும் தோட்டமே சரி. 18 குழியை நூறு அடிக்குள் முடிப்பவர் தொடருக்குப் போகலாம். ஆனால் முதலில் கேளுங்கள்: ஒவ்வொரு ஸ்கோரையும் ஏற்பாட்டாளரே பதிவு செய்கிறாரா? இல்லையென்றால் பணம் கட்டாதீர்கள்.