காலநிலை மாற்றமா, காலநிலை அவசரநிலையா?

'காலநிலை மாற்றம்' அளவீட்டுச் சொல். வெப்பம், மழை ஆகியவற்றின் நீண்டகாலச் சராசரி (வழக்கமாக 30 ஆண்டுக் கணக்கு) நகர்ந்திருப்பதைக் குறிக்கும். இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. 1992-இல் உருவான ஐ.நா. காலநிலை உடன்படிக்கையில் மனிதச் செயலால் வந்த மாற்றத்துக்கு மட்டுமே இந்தப் பெயர். காலநிலை மாற்றத்தை ஆராயும் ஐ.நா. குழுவான ஐபிசிசியின் அறிக்கைகளில் இயற்கையாக வந்ததும் சேரும். எந்த வரையறை என்று பார்க்காமல் மேற்கோள் காட்டினால் வாதம் தடம் புரளும்.

'அவசரநிலை' அளவைச் சொல்லாது, உடனே செயல்படு என்னும். 2019 மே 1-இல் பிரிட்டன் மக்களவை அப்படித்தான் அறிவித்தது. சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாத தீர்மானம். தீர்மானம், தலையங்கம் என்றால் இது சரி. ஆனால் 'அவசரநிலையால் வெப்பம் 1 டிகிரி உயர்ந்தது' என்று எழுதினால் காரணமும் விளைவும் தலைகீழ். ஒருநாள் பெருமழைக்கோ இரண்டுமே ஆகாது, அது வானிலை.