ஏர் ஃப்ரையரில் ஃபிங்கர் சிப்ஸும் நகெட்ஸும்: எது சரியாக வருகிறது, எது சொதப்புகிறது

4 லிட்டர் கூடையும் 1,500 வாட் சக்தியும் கொண்ட, இழுப்பறை போல இழுக்கும் சாதாரண ஏர் ஃப்ரையரைப் பற்றிய மதிப்பீடு இது. சின்ன வயதிலிருந்தே பிடித்த பொரித்த பண்டங்களை எண்ணெய் குறைத்து வீட்டில் செய்ய இது எவ்வளவு உதவும் என்பதுதான் கேள்வி. ஃபிங்கர் சிப்ஸுக்கும் நகெட்ஸுக்கும் தாராளமாக வாங்கலாம். மாவில் தோய்த்துப் பொரிக்கும் எதற்கும் வாங்க வேண்டாம்.

பிலிப்ஸ் 2010இல் அறிமுகப்படுத்தியபோது வைத்த பெயர்தான் இன்று எல்லா நிறுவனச் சாதனங்களுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. ஆனால் உள்ளே பொரிப்பது எதுவும் நடப்பதில்லை. மேலே சூடேறும் கம்பிச்சுருள், அதற்கு மேல் ஒரு விசிறி. அவ்வளவுதான், வேகமாகக் காற்றடிக்கும் குட்டி ஓவன். கொதிக்கும் எண்ணெய் சூட்டை நொடியில் பண்டத்துக்குள் இறக்கிவிடும், காற்றால் அது முடியாது. அதனால் மேற்பரப்பில் ஈரம் இருக்கக்கூடாது, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருக்க வேண்டும். இதில் வரும் தோல்விகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றை மறந்ததால் வருபவை.

ஃபிங்கர் சிப்ஸுக்கு 500 கிராம் உருளைக்கிழங்கு போதும். மாவுத்தன்மை அதிகமுள்ள கிழங்கு நல்லது. ஃபிரிட்ஜில் வைத்த கிழங்கு வேண்டாம். குளிரில் ஸ்டார்ச் சர்க்கரையாக மாறி, உள்ளே வேகும் முன்பே வெளியே கறுத்துக் கசக்கும். அதிகச் சூட்டில் உருவாகும், புற்றுநோய் அபாயம் இருக்கலாம் என்று கருதப்படும் அக்ரிலமைடு என்ற வேதிப்பொருளும் கூடும். 1 செ.மீ. தடிமனில் நறுக்கி, குளிர்ந்த நீரில் 30 நிமிடம் ஊறவிட்டு, நடுவில் ஒருமுறை நீரை மாற்றுங்கள். மேலே ஒட்டிய ஸ்டார்ச் போனால்தான் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாது. பிறகு துணியில் பரப்பி ஒற்றி எடுங்கள். துணியில் இனி ஈரம் படியவில்லை என்னும் வரை ஒற்ற வேண்டும், இதில் அவசரம் கூடாது.

1 மேஜைக்கரண்டி எண்ணெயை விட்டுக் கையால் பிசறுங்கள். 160 டிகிரியில் 12 நிமிடம். இப்போது ஒரு துண்டை எடுத்து வளைத்துப் பாருங்கள்: தொய்ந்து வளைந்தால் உள்ளே வெந்துவிட்டது, விறைப்பாக நின்று நறுக்கென்று ஒடிந்தால் இன்னும் 3 நிமிடம் வேண்டும். அதன் பிறகு 200 டிகிரிக்கு ஏற்றி 8 முதல் 10 நிமிடம், நடுவில் இரண்டு முறை குலுக்கல். குலுக்கும்போது சலசலவென்று காய்ந்த சத்தம் கேட்க வேண்டும். தொப்தொப்பென்று விழுந்தால் ஈரம் பாக்கி இருக்கிறது. எடுத்தவுடனே 200 டிகிரி வைத்தால் நுனி கருகி நடு பச்சையாக நிற்கும். உப்பு கடைசியில்தான், முன்பே போட்டால் நீர் விட்டுவிடும். பொன்னிறத்தில் நிறுத்திவிடுங்கள், பழுப்பேற ஏற அக்ரிலமைடும் ஏறும்.

எண்ணெயில் முக்கிப் பொரித்த சிப்ஸில் 100 கிராமுக்குச் சுமார் 15 கிராம் கொழுப்பு இருக்கும். இந்த முறையில் 500 கிராம் கிழங்கு வெந்து சுமார் 300 கிராமாகச் சுருங்கும். சேர்த்த 14 கிராம் எண்ணெயைப் பங்கிட்டால் 100 கிராமுக்கு 5 கிராமுக்கும் குறைவுதான். லாபம் இவ்வளவு தெளிவாகத் தெரியும் பண்டம் வேறில்லை.

நகெட்ஸில் பலர் வழுக்குவது ரொட்டித்தூளில். தூளை அப்படியே ஒட்டி உள்ளே வைத்தால் வெள்ளையாகவே காய்ந்து, வாயில் மணலாக நெருடும். 100 கிராம் தூளை 1 மேஜைக்கரண்டி எண்ணெயுடன் வாணலியில் சிறுதீயில் 5 நிமிடம் பொன்னிறமாக வறுத்து ஆறவிடுங்கள், நிறம் முன்பே வந்துவிடும். 500 கிராம் எலும்பில்லாத கோழிக்கு முக்கால் தேக்கரண்டி உப்பு போதும். துண்டுகளை ஈரம் ஒற்றி, மைதா, அடித்த முட்டை, வறுத்த தூள் என்ற வரிசையில் புரட்டி 10 நிமிடம் வையுங்கள். மைதாவைத் தவிர்த்தால் மேலோடு தனியாகக் கழன்று வரும். 200 டிகிரியில் 10 நிமிடம், 6ஆவது நிமிடத்தில் திருப்ப வேண்டும். வெப்பமானியைக் குத்திப் பார்த்து, துண்டின் நடுப்பகுதியில் 74 டிகிரி வந்தால் எடுக்கலாம். தூள் ஒட்டிய பச்சைத் துண்டுகளை ஃப்ரீசரில் தட்டில் பரப்பி உறையவைத்த பிறகு பையில் போட்டு வைக்கலாம். பனி இளக்காமல் 190 டிகிரியில் 12 முதல் 14 நிமிடம் வைத்து, இதிலும் நடுவில் 74 டிகிரி வந்ததா என்று பாருங்கள்.

வெங்காய வளையம் வேண்டாம். நீர்த்த மாவு உடனே இறுக எண்ணெய்ச் சூடு வேண்டும். இங்கே அது கூடையின் துளை வழியே வழிந்து கீழே கருகும். டோனட் 170 டிகிரியில் 5 நிமிடத்தில் வெந்துவிடும், ஆனால் கையில் கிடைப்பது இனிப்பு பன். மேலே சர்க்கரை ஒட்டவே வெண்ணெய் தடவ வேண்டியிருப்பதால் கொழுப்பில் மிச்சமாவதும் அதிகமில்லை. மக்ரோனி சீஸுக்கு அடுப்பே மேல், விசிறிக் காற்று மேற்பரப்பை வறட்டிவிடும்.

இந்தச் சாதனம் எண்ணெயை மட்டும்தான் குறைக்கும், உப்பும் சர்க்கரையும் உங்கள் கையில். கூடையைப் பாதிக்கு மேல் நிரப்பினால் எல்லாம் ஆவியில் வெந்து துவண்டுவிடும். அதனால் நான்கு பேருக்கு இரண்டு தடவை போட வேண்டும், இதுதான் இதன் பெரிய குறை. இரண்டாவது தடவைக்குச் சாதனம் சூடாகவே இருக்கும், 2 நிமிடம் முன்னதாகவே திறந்து பாருங்கள். பேக்கிங் காகிதத்தைப் பண்டம் வைக்காமல் போட்டுச் சூடேற்றினால் அது பறந்து கம்பிச்சுருளில் பட்டுத் தீப்பிடிக்கும். லெசித்தின் (ஒட்டாமலிருக்கச் சேர்க்கும் கொழுப்புப் பொருள்) கலந்த எண்ணெய் ஸ்ப்ரேயும் வேண்டாம். நான்-ஸ்டிக் பூச்சில் பிசினாகப் படிந்து, தேய்த்தால் பூச்சையே உரித்துவிடும். சாதாரண எண்ணெயைத் தூரிகையால் தடவினாலே போதும்.