காலிப்பர் ரிப்பேர் கிட்: ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் எதைக் கேட்டு வாங்குவது?

முன்சக்கர டிஸ்க் பிரேக்கில் பேட்களைச் சுழலும் தட்டின் மீது அழுத்தும் காலிப்பரைப் பிரித்து, ரப்பர்களை மட்டும் மாற்றிச் சரிசெய்ய ஆகும் செலவு, புதுக் காலிப்பரின் விலையில் ஒரு சிறு பங்குதான். அந்தச் சிக்கனம் நிலைக்குமா, சில மாதங்களில் வண்டி மீண்டும் பட்டறைக்கு வருமா என்பதைத் தீர்மானிப்பது கிட்டுக்குள் இருக்கும் பிஸ்டன் சீல் என்ற ஒரே ஒரு ரப்பர் வளையம். அண்மையில் ஒரு பழைய ஹாட்ச்பேக்கின் முன் காலிப்பர்களைப் பிரித்துக் கட்ட வேண்டியிருந்ததால், சென்னையில் கிடைக்கும் கிட்டுகளை ஓரளவு ஆராய்ந்தே வாங்கினேன். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் நான் நம்பி வாங்கும் ஒரு கடையையும், அங்கு வாங்கிய கிட்டையும், வேறிடத்தில் உதிரியாக வாங்கிய ஒரு ரப்பர் செட்டையும் பற்றியது இந்த மதிப்பீடு.

எண்ணெய் கசியாமல் தடுப்பது மட்டுமே இந்தச் சீலின் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். பின்சக்கர டிரம் பிரேக்கில் ஷூவைப் பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங் இருக்கிறது. டிஸ்க் பிரேக்கில் பேடைத் தள்ளும் பிஸ்டனுக்கு அப்படி எதுவும் கிடையாது. காலிப்பரின் உட்சுவரில் வெட்டப்பட்ட காடியில் அமர்ந்திருக்கும் சதுர வெட்டுச் சீல், பிஸ்டனைச் சுற்றிலும் இறுகப் பிடித்திருக்கும். பெடலை மிதிக்கும்போது பிஸ்டன் முன்னே நகர, அதைப் பற்றியிருக்கும் சீலின் உள்விளிம்பும் சேர்ந்து சற்றே வளைகிறது. காலை எடுத்ததும் ரப்பர் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும். திரும்பும்போது பிஸ்டனையும் ஒரு மில்லிமீட்டரில் சிறு பகுதி அளவுக்குப் பின்னே இழுத்துவிடும். பேட் தேயத் தேய, பிஸ்டன் சீலுக்குள் வழுக்கிப் புதிய இடத்தில் நின்றுகொள்வதால், இடைவெளி தானாகவே சரியாகிறது. ஆகவே ஊறி உப்பிய சீலோ, இறுகிப்போன சீலோ கசியாவிட்டாலும் பிரேக்கை உரச வைக்கும்; சக்கரம் சூடேறும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும், மைலேஜ் குறையும். இதே காரணத்தால்தான், அளவு ஒத்துப்போகிறதே என்று உருண்டை வெட்டுள்ள ஓ-ரிங்கை இந்தக் காடியில் போடக் கூடாது. அது எண்ணெயை ஓரளவு தடுக்கலாம். பிஸ்டனைத் திருப்பி இழுக்கும் வேலையை அதனிடம் எதிர்பார்க்க முடியாது.

இப்போது கடைக்கு வருகிறேன். அண்ணா சாலைப் பக்கத்து உதிரிபாகக் கடைகளில் பெரும்பாலானவற்றில் முதல் கேள்வி "எந்த வண்டி, எந்த வருஷம்?" என்பதுதான். இந்தக் கடையின் கவுண்ட்டரில் நிற்கும் பெரியவர் கேட்டது வேறு. "வண்டி பேரு அப்புறம் சார், காலிப்பர் மேல என்ன பேரு வார்த்திருக்கு, பிஸ்டன் என்ன சைஸ்? அதைச் சொல்லுங்க" என்றார். இந்த ஒரு கேள்விக்காகவே இந்தக் கடையைப் பரிந்துரைப்பேன். ஒரே மாடலுக்கு வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பிரேக் தயாரிப்பாளர்களின் காலிப்பர்கள் பொருத்தப்பட்டிருப்பது சாதாரணம். பிஸ்டன் 48, 51, 54 மி.மீ. என்று சில மில்லிமீட்டர் வித்தியாசத்திலேயே வேறுபடும். வட்டம் பொருந்தினாலும் காடியின் அகலமும் ஆழமும் மாறினால் சீல் தளர்ந்து நிற்கும், அல்லது நசுங்கி இறுகும். பழைய சீலை அளந்து புதியதைத் தேடுவதும் சரிவராது, ஏனென்றால் ஊறிய ரப்பரின் அளவு அதன் உண்மையான அளவு அல்ல. பிஸ்டனையும் காடியையும் வெர்னியரில் அளந்து, காலிப்பரில் வார்த்திருக்கும் பெயரையும் எண்ணையும் படம் பிடித்துக்கொண்டு போவதே நல்லது.

அங்கு வாங்கியது, அந்தக் காலிப்பரைச் செய்த நிறுவனமே விற்கும் கிட். உறையில் பாகத்தின் எண்ணும் தயாரிப்புத் தேதியும் அச்சாகியிருந்தன. உள்ளே பிஸ்டன் சீல், டஸ்ட் பூட் என்ற தூசுத் தடுப்பு உறை, காலிப்பர் நகரும் கைடு பின்களுக்கான ரப்பர் உறைகள் ஆகியவற்றுடன் சிறு பொட்டலத்தில் ரப்பர் கிரீஸும் இருந்தது. சீலை விரல் நகத்தால் வருடிப் பார்த்தால் நான்கு மூலைகளும் கூர்மையாகத் தட்டுப்பட்டன. எங்கும் பிசிறு இல்லை. ரப்பரைக் குழாயாக வார்த்து, பிறகு லேத்தில் வளையம் வளையமாக வெட்டும் முறையில்தான் இவ்வகைச் சீல்கள் பெரும்பாலும் தயாராகின்றன. வெட்டு சுத்தமாக இருந்தால்தான் அது பிஸ்டனை எல்லாப் பக்கமும் ஒரே அழுத்தத்தில் பிடிக்கும்.

உதிரியாக வாங்கிய செட்டின் பிளாஸ்டிக் உறையில் வண்டியின் பெயர் மட்டும் ஒட்டியிருந்தது. செய்தவர் பெயரோ தேதியோ இல்லை. கையில் எடுத்துப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றும் தோன்றாது. கறுப்பாக, பளபளப்பாக, மற்றதைவிடச் சற்றுத் தடிமனாகவே இருந்தது. ஆனால் உட்பக்கத்தின் நடுவே, பிஸ்டனில் உட்கார வேண்டிய அதே முகத்தில், அச்சின் பிசிறு ஒரு மெல்லிய கோடாகச் சுற்றி ஓடியது. அதை வண்டியில் போட மனம் வராமல், இரண்டாக வெட்டி ஒரு துண்டைப் பெட்ரோலிலும் மற்றொன்றை டாட் 4 தரப் பிரேக் ஆயிலிலும் போட்டு, மூடிய கண்ணாடிப் புட்டிகளில் சில நாள் வைத்தேன். பெட்ரோலில் கிடந்த துண்டு போட்டபடியே இருந்தது. பிரேக் ஆயிலில் கிடந்ததோ உப்பி, மிருதுவாகி, வெர்னியரில் தெளிவாகத் தெரியும் அளவுக்குத் தடித்துவிட்டது.

பெட்ரோலைத் தாங்கும் ரப்பர் எல்லாவற்றையும் தாங்கும் என்ற நம்பிக்கை நம் பட்டறைகளில் பரவலாக இருப்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிரேக் ஆயில் என்று நாம் அழைத்தாலும் டாட் 3, டாட் 4, டாட் 5.1 ஆகியவை பெட்ரோலிய எண்ணெய் அல்ல. கிளைக்கால் ஈதர் வகைத் திரவங்கள். அவற்றோடு ஒத்துப்போகும் ரப்பர் ஈ.பி.டி.எம். என்ற செயற்கை வகை. அதே ஈ.பி.டி.எம். ரப்பரில் எஞ்சின் ஆயிலோ பெட்ரோலோ சாதாரண கிரீஸோ பட்டால் ஊறிக் கெட்டுவிடும். எஞ்சின் சீல்களில் சிறப்பாக உழைக்கும் நைட்ரைல் ரப்பர் இதற்கு நேர்மாறானது. விலை அதிகமான, 200 டிகிரி வெப்பத்தையும் தாங்கும் விட்டான் என்ற ரப்பரும் கிளைக்கால் பிரேக் ஆயிலுக்கு ஆகாது. ஆகவே "நல்ல ஆயில் சீல் ரப்பர் சார், பெட்ரோல்ல போட்டாலும் ஒண்ணும் ஆகாது" என்று ஒருவர் சொன்னால், அந்தச் சீலை வாங்காமல் இருப்பதற்கு அதுவே போதுமான காரணம். டாட் 5 என்ற பெயரில் வருவது சிலிக்கோன் திரவம். பெயர் நெருக்கத்தைப் பார்த்து அதை 5.1 உடன் கலந்துவிடக் கூடாது. மினரல் ஆயிலில் இயங்கும் சைக்கிள் டிஸ்க் பிரேக்குகளுக்குக் கார் சீல் விதிகள் பொருந்தா என்பதையும், ஈ.சி.ஆரில் சைக்கிள் ஓட்டும் நண்பர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

நல்ல கிட் வாங்கியும் வேலை கெடுவது பெரும்பாலும் கழுவும் இடத்தில்தான். காலிப்பரைப் பிரித்ததும் மண்ணெண்ணெயிலோ டீசலிலோ முக்கி எடுக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. காடியின் மூலையில் தங்கிவிடும் அந்த எண்ணெய் புதுச் சீலை முதல் நாளிலிருந்தே ஊற வைக்கும். பிரேக் கிளீனர் அல்லது ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவி, முழுவதும் உலர்த்தி, சீலைப் புதிய பிரேக் ஆயிலில் நனைத்தோ ரப்பர் கிரீஸ் தடவியோ உட்கார வைக்க வேண்டும். என் வண்டிக்கு வேலை செய்த மெக்கானிக், காடியின் அடியில் படிந்திருந்த துருவையும் படிவையும் மரக்குச்சியால் பொறுமையாகச் சுரண்டி எடுத்தார். கூர்மையான இரும்பு பட்டால் காடியில் கீறல் விழும். துருவை விட்டுவைத்தால் அது சீலை உள்ளிருந்து தள்ளிப் பிஸ்டனை இறுக்கும். பிஸ்டனின் குரோம் பூச்சில் குழிகள் விழுந்திருந்தால், எவ்வளவு நல்ல சீல் போட்டாலும் கசியத்தான் செய்யும். அப்போது பிஸ்டனையும் சேர்த்து மாற்றுவதுதான் வழி.

டஸ்ட் பூட்டைப் பலர் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. திருவான்மியூரிலும் எண்ணூரிலும் உப்புக்காற்றில் நிற்கும் வண்டிகளுக்கும், 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் மூழ்கிக் கிடந்த வண்டிகளுக்கும் பிஸ்டனைத் துருவிலிருந்து காக்க இருப்பது அந்த ஒரு மெல்லிய மடிப்பு ரப்பர்தான். சீலோடு சேர்த்து அதையும் மாற்றாத பட்டறையில் வேலை கொடுக்க மாட்டேன். பிரேக் ஆயிலும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. புதிய டாட் 4 திரவத்தின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும் என்கிறது தரவிதி; ஈரம் ஏறிய நிலையில் அந்த வரம்பு 155 ஆகிவிடுகிறது. எனவே ரப்பர் மாற்றும்போது பழைய ஆயிலை மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை.

கடையிலும் குறைகள் உண்டு. பின்சக்கரத்தில் ஹேண்ட்பிரேக்கும் சேர்ந்த காலிப்பர்களுக்கான கிட் கேட்டால் பெரும்பாலும் ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும். இறக்குமதி வண்டிகளுக்கு அங்கு அலைவது வீண். வெயில் நேரடியாக விழும் முன்கண்ணாடி அலமாரியில் சில ரப்பர் உறைகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ரப்பருக்கு வெப்பமும் வெளிச்சமும் ஆகாது என்பதால், உள் அறையிலிருந்து எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். கேட்டால் முகம் சுளிக்காமல் தருகிறார்கள். உறை பிரிக்காத கிட் பொருந்தாவிட்டால் பில்லைக் காட்டி மாற்றிக்கொள்ளலாம். உதிரி ரப்பரைவிட விலை சில மடங்கு அதிகம்தான். ஆனால் பாடியில் பிரேக்ஸ் இந்தியா ஆலை 1962-லேயே தொடங்கப்பட்ட இந்த ஊரில், பிரேக் தயாரிப்பாளரின் சொந்தக் கிட் கவுண்ட்டரில் கிடைக்கும்போது, செய்தவர் பெயரில்லாத ரப்பரை வாங்க எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை. புதுச் சீல்கள் போட்ட பின், ஓட்டிவிட்டு வந்து ஜாக்கியில் தூக்கினால் இரண்டு முன்சக்கரங்களும் கையால் தள்ளியதும் தடையின்றிச் சுற்றுகின்றன. பெடலும் உயரத்திலேயே நிற்கிறது.