டபிள்யு.கே.பி.யா, லாங்கரா? திரும்பு புள்ளியில்தான் விஷயம்

ஒய்யின் இரண்டாம் வகைக்கெழு = லாம்டா வர்க்கம் × (எக்ஸ் வர்க்கம் − 1) × ஒய். லாம்டா பெரிய எண். இதற்குத் தோராயத் தீர்வு வேண்டுமென்றால் டபிள்யு.கே.பி. என்ற தோராய முறை ஒரு வழி, கணிதர் லாங்கரின் முறை இன்னொரு வழி. இரண்டுக்கும் நிரல் எழுதிப் பார்த்துவிட்டு நான் லாங்கர் பக்கம் வந்துவிட்டேன்.

டபிள்யு.கே.பி. எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1837இலேயே லியூவில், கிரீன் இருவரும் தனித்தனியாகக் கண்டது. 1926இல் குவாண்டம் இயற்பியலுக்குள் வந்தபோது வென்ட்ஸல், கிராமர்ஸ், பிரில்லூவன் என்ற வேறு மூன்று பேரின் முதலெழுத்துகள் ஒட்டிக்கொண்டன. கையாலேயே எழுதிவிடலாம். ஆற்றல் மட்டங்கள் மட்டும் போதுமென்றால் இதையே வைத்துக்கொள்ளுங்கள், லாங்கரிலும் முதல் படியில் அதே நிபந்தனைதான் வரும்.

தீர்வின் மதிப்பே வேண்டுமென்றால்தான் தலைவலி. ஒய்யைப் பெருக்கும் கெழு பூஜ்யமாகும் இடம்தான் திரும்பு புள்ளி, இங்கே எக்ஸ் 1உம் −1உம். டபிள்யு.கே.பி. சூத்திரம் அந்தக் கெழுவின் நான்காம் மூலத்தால் வகுப்பதால், அங்கே விடை எகிறிவிடும். எய்ரி சார்பிலேயே (ஒய்யின் இரண்டாம் வகைக்கெழு = எக்ஸ் × ஒய் என்ற எய்ரி சமன்பாட்டின் தீர்வு, அதற்குத் திரும்பு புள்ளி 0) சோதித்துப் பாருங்கள்: எக்ஸ் 4இல் பிழை 1 சதவீதம் சொச்சம், 1இல் 7 சதவீதம், 0.1இல் உண்மையான மதிப்பு 0.33 ஆனால் டபிள்யு.கே.பி. சொல்வது 0.49. அதனால் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, நடுவில் எய்ரி ஒன்று என மூன்று துண்டுகளை ஒட்ட வேண்டும். எங்கே ஒட்டுவது? நடுத்துண்டின் அகலம் லாம்டாவின் மைனஸ் மூன்றில் இரண்டு அடுக்காகச் சுருங்குகிறது. லாம்டா 20இலிருந்து 200க்குப் போனால் நாலரை மடங்குக்கு மேல் குறுகிவிடும். 20க்குப் பொருத்தி வைத்த எல்லையை அப்படியே விட்டேன், 200க்கான வரைபடத்தில் ஒட்டின இடத்தில் படி மாதிரி ஒரு துள்ளல் தெரிந்தது. அப்புறம் லாம்டா மாறும்போதெல்லாம் எல்லையைத் திருத்துவதே வேலையாகிவிட்டது.

லாங்கர் 1930களில் செய்தது வேறு. எக்ஸையே நீட்டிச் சுருக்கி, சமன்பாட்டை எய்ரி சமன்பாட்டின் சாயலுக்குக் கொண்டுவந்துவிடுகிறார். திரும்பு புள்ளியின் இரண்டு பக்கத்துக்கும் ஒரே சூத்திரம், ஒட்டே கிடையாது. நம் சமன்பாட்டின் திரும்பு புள்ளியான எக்ஸ் 1இல், எய்ரி சார்பின் முன்னால் பெருக்கும் முன்கெழு 0.891, எய்ரி 0.355, பெருக்கினால் 0.316, சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: அந்தப் புள்ளிக்கு மிக அருகில் முன்கெழு பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுப்பதாகி இலக்கங்கள் போய்விடும், அங்கே முன்கெழுவுக்கு டெய்லர் தொடரைப் (அடுக்குகளின் கூட்டலாக விரித்ததை) போட்டுவிடுங்கள். ஒருமுறை எழுதினால் போதும், பிறகு லாம்டா என்னவானாலும் தொட வேண்டியதில்லை.

இரண்டு திரும்பு புள்ளிகள் நெருங்கி வந்தால் எய்ரியும் போதாது, பரவளைய உருளைச் சார்புகள் என்ற வேறு வகைச் சார்புகளுக்குப் போக வேண்டும். அதை நான் ஒரே ஒரு கணக்கில்தான் போட்டிருக்கிறேன், அதன் பராமரிப்பும் இவ்வளவு சுலபம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.