அட்ஜஸ்டபிள் ஸ்ட்ரட் என்று சொல்லிப் பழசை மாட்டி அனுப்பினார்கள்: பழைய ஃபார்ச்சூனர் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

பழைய ஃபார்ச்சூனர், பஜேரோ, என்டெவர் மாதிரி வண்டிக்கு அட்ஜஸ்டபிள் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த, அட்ஜஸ்ட் செய்யக்கூடிய சஸ்பென்ஷன் பாகம்) மாற்றலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். ஃபோர் பை ஃபோர் வண்டிகளை மாற்றிக் கட்டுவதில் பெயர் எடுத்த கோவைக் கடை ஒன்றில், வெட்டித் திறந்து, எண்ணெய் ஊற்றி, மறுபடி வெல்டு வைத்துப் பெயின்ட் அடித்த பழைய ஸ்ட்ரட்டை "புதுசு, இம்போர்ட்டட்" என்று சொல்லி என் வண்டியில் மாட்டினார்கள். 1,26,000 ரூபாய். வழக்கு நடப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. அவர்கள் எப்படிச் செய்தார்கள் என்பதைத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் வண்டிக்கு அடியில் நடக்கும் இந்த வேலையை வண்டிக்காரர் கண்ணால் பார்ப்பதே இல்லை.

என்னுடையது 2010 மாடல் ஃபார்ச்சூனர். 3 லிட்டர் டீசல், ஃபோர் பை ஃபோர். 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பித்தாகிவிட்டது. இஞ்சின் நல்ல நிலையில் இருக்கிறது, இன்னும் பல வருடம் ஓட்டலாம் என்ற நம்பிக்கையில்தான் சஸ்பென்ஷனில் பணம் போட முடிவு செய்தேன். வால்பாறையில் மனைவியின் வீடு. ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவு. ஷாக் அப்சார்பர் செத்துப்போன வண்டியில் அந்த மலையிலிருந்து இறங்கும்போது, பிரேக்கை மிதித்தால் மூக்கு குத்தும், வளைவில் உடம்பு சாயும், பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் வயதானவர்களுக்குத் தலைசுற்றும். அந்தக் கஷ்டம் தீரட்டும் என்றுதான் கடைக்குப் போனேன்.

இந்த வண்டியில் முன்பக்கம் டபுள் விஷ்போன் அமைப்பு, அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு ஆர்ம் பிடித்திருக்கும். காயில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட், மேலே மூன்று நட்டும் கீழே லோயர் ஆர்மில் ஒரு போல்ட்டுமாக நிற்கும். பின்பக்கம் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. கடைக்காரர் சொன்னது இதுதான்: முன்னால் இரண்டு அட்ஜஸ்டபிள் ஸ்ட்ரட், கொஞ்சம் உயரமான ஸ்பிரிங்கோடு, பின்னால் அதற்குப் பொருத்தமான இரண்டு ஷாக், ஒன்பது நிலை உள்ள திருகு, ஊருக்குள் 2-லும், மலைக்கு 6-லும் வைத்து ஓட்டிக்கொள்ளலாம், வண்டி 40 மி.மீ. உயரும்.

இந்த அட்ஜஸ்டபிள் என்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏமாற்று நடப்பதே அங்கேதான். சஸ்பென்ஷனில் அட்ஜஸ்ட் செய்யக்கூடியவை இரண்டு. ஒன்று விறைப்பு. ஷாக்கின் உள்ளே எண்ணெய் போய்வரும் துவாரத்தைத் திருகு வைத்துச் சிறிதாக்கினால் வண்டி விறைப்பாகும், பெரிதாக்கினால் மெத்தென்று போகும். ரான்சோ கம்பெனியின் ஒரு வரிசையிலும், ஆஸ்திரேலியாவின் டஃப் டாகிலும் இப்படி ஒன்பது நிலை வரும். கோனி கம்பெனியின் பல மாடல்களுக்கு வெளியே திருகே கிடையாது, கழற்றி முழுக்க அமுக்கிப் பிடித்துத்தான் திருக வேண்டும். இன்னொன்று உயரம். உடம்பில் மரை போட்டு, ஸ்பிரிங் உட்காரும் தட்டை ஸ்பேனரால் ஏற்றி இறக்குவது. முதல் வகையால் வண்டி ஒரு மி.மீ. கூட உயராது. இரண்டாவது வகையால் ஷாக்கின் விறைப்பு மாறாது. இரண்டும் சேர்ந்தவையும் உண்டு, ஆனால் விலை வேறு மட்டத்தில் இருக்கும். "அட்ஜஸ்டபிள்" என்று பொதுவாகச் சொல்லும் கடைக்காரரிடம், எதை அட்ஜஸ்ட் செய்வது என்று எழுதி வாங்குங்கள். என்னிடம் திருகு வைத்த வகை என்று தெளிவாகவே சொன்னார். பெட்டியையும் காட்டினார். பெட்டி புதுசுதான்.

75,000 ரூபாய் முன்பணம் யு.பி.ஐ. வழியாகக் கொடுத்தேன். மீதியை ரொக்கமாகத் தரச் சொன்னார்கள். "ஜி.எஸ்.டி. இல்லாம போட்டுக்கலாங்க சார், உங்களுக்குத்தான் லாபம்" என்றார். வேண்டாம், பில் வேண்டும் என்று சொல்லி அதையும் வங்கி வழியாகவே அனுப்பினேன். வழக்கில் இப்போது அதுதான் எனக்குப் பெரிய பிடி.

வண்டியை எடுக்கப் போனபோது வேலை முடிந்து, கழுவித் துடைத்து வெளியே நிறுத்தியிருந்தார்கள். கழற்றிய பழைய ஸ்ட்ரட் எங்கே என்று கேட்டேன். "ஸ்கிராப் வண்டி வந்துச்சுங்க, தூக்கிட்டுப் போயிட்டாங்க" என்றார். வீல் அலைன்மென்ட்? "பண்ணியாச்சுங்க." அளவு எழுதிய ரிப்போர்ட்? "பிரின்டர் ரிப்பேருங்க." பில்? "ஆடிட்டர் வந்ததும் வாட்ஸ்அப்ல அனுப்பிடறங்க." தனித்தனியாகப் பார்த்தால் எந்தக் கடையிலும் கேட்கிற பதில்தான். ஒரே நாளில் நான்கும் சேர்ந்து வந்தால் வண்டியை எடுக்காமல் அங்கேயே நின்று கேளுங்கள் என்று இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன்.

அப்புறம் வந்த பில்லில் "சஸ்பென்ஷன் கிட், 1 செட்" என்று ஒரே வரி. பிராண்ட் இல்லை, பார்ட் நம்பர் இல்லை, சீரியல் நம்பர் இல்லை. எந்தப் பொருளுக்கு வேண்டுமானாலும் பொருந்துகிற பில் அது. வாரன்டி கேட்டால் எதைக் காட்டிக் கேட்பது?

வண்டி உயர்ந்து நின்றதென்னவோ உண்மை. ஆனால் முதல் மழைக்குள்ளேயே முன்பக்கம் வேகத்தடையில் டொக் டொக் என்று சத்தம். ஸ்டியரிங் இடப்பக்கம் இழுத்தது. திருகை 1-ல் வைத்தாலும் 9-ல் வைத்தாலும் ஒரே ஓட்டம். போன் செய்தால், "புதுசுங்க சார், செட் ஆக ஆயிரம் கிலோமீட்டர் ஆகும்" என்றார்கள். வால்பாறையிலிருந்து இறங்கும்போது வலது முன்சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய் வழிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, பொள்ளாச்சியில் வீல் அலைன்மென்ட் பார்க்கும் ஒரு பெரியவரிடம் வண்டியை விட்டேன்.

அவர் வண்டியைத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றியதும் முதலில் திருகைத்தான் தொட்டுப் பார்த்தார். உண்மையான அட்ஜஸ்டபிள் ஷாக்கில் ஒவ்வொரு நிலைக்கும் கிளிக் என்று ஒரு பிடி கையில் தெரியும். இதில் திருகு வழுவழுவென்று சுற்றிக்கொண்டே இருந்தது. "தம்பி, இது வெளியே ஒட்ட வெச்சதுப்பா, உள்ள ஒண்ணுமில்ல" என்றார். ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் உரித்தால் உள்ளே வேறு நிறம். உடம்பின் மேல்பகுதியில் வட்டமாக ஒரு வெல்டு, அதன்மேல் கருப்புப் பெயின்ட் தடிப்பாக. ஷாக்குக்குள் போய்வரும், பளபளவென்று இருக்க வேண்டிய ராடில் துருப்புள்ளிகள். அந்தப் புள்ளிகள் எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் சீலை அறுத்துத்தான் எண்ணெய் வெளியே வந்திருக்கிறது.

ஸ்ட்ரட்டைக் கழற்றியபோது மற்றதும் வெளிப்பட்டது. உயரமான ஸ்பிரிங் போடவே இல்லை, கம்பெனி ஸ்பிரிங்தான். உயரத்துக்காக மேலே மூன்று நட்டு இருக்கும் இடத்தில், ஸ்ட்ரட்டுக்கும் வண்டிக்கும் நடுவில், ஒரு அலுமினிய ஸ்பேசரை (இடைத் தகட்டை) சொருகியிருந்தார்கள். ஸ்ட்ரட் லோயர் ஆர்மின் நடுவாக்கில் நிற்பதால், ஸ்பேசரின் கனத்தைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சக்கரத்தில் உயரம் தெரியும். சில நூறு ரூபாய்ச் சாமானில் 40 மி.மீ. காட்டிவிடலாம். ஆனால் சக்கரம் தொங்கும்போது, கம்பெனி கணக்குப் போட்டு வைத்த எல்லையைத் தாண்டிக் கீழே இறங்கும். மேல் ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் அப்பர் பால் ஜாயின்ட்டும், சக்கரத்தைச் சுற்றவைக்கும் ஆக்சிலின் சி.வி. ஜாயின்ட்டும் அதன் சுமையைத் தாங்க வேண்டும். என் வண்டியில் ஒரு பக்கம் அந்த சி.வி. ஜாயின்ட்டை மூடியிருக்கும் பூட் ரப்பர் ஏற்கெனவே விரிந்திருந்தது. பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் குழாயான பிரேக் ஹோஸில் இழுபட்ட தடம் தெரிந்தது. வேலை செய்தபோது பிரேக் காலிப்பரை (டிஸ்க்கைப் பிடிக்கும் பாகம்) கம்பியில் கட்டித் தொங்கவிடாமல் ஹோஸிலேயே தொங்கவிட்டிருக்கிறார்கள் என்றார் பெரியவர். எண்ணெய் கசிவதை விட இது என்னை அதிகம் கலங்க வைத்தது. அந்த ஹோஸை நம்பித்தான் அத்தனை வளைவுகளில் குடும்பத்தோடு இறங்கி வந்திருக்கிறோம்.

லோயர் ஆர்ம் வண்டியோடு சேரும் இடத்தில் உள்ள புஷ் விஷயமும் பலருக்குத் தெரிய வேண்டியது. அந்த ரப்பர் புஷ் உள்ளேயும் வெளியேயும் இரும்புக் குழாயோடு ஒட்டிய ஒன்று. ஆர்ம் ஏறி இறங்கும்போது ரப்பர் முறுக்கிக்கொடுக்கும். அதன் போல்ட்டை வண்டி தரையில் தன் எடையில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். லிஃப்டில் சக்கரம் தொங்கும்போதே இறுக்கினால், கீழே இறக்கிய நொடியிலிருந்து ரப்பர் முறுக்கிலேயே நிற்கும், சீக்கிரம் கிழியும். போல்ட்டைத் தளர்த்தாமலேயே வண்டியின் உயரத்தை மாற்றினாலும் அதே முறுக்குதான். எனக்கு இரண்டு பக்கமும் கிழிந்திருந்தது. டொக் டொக் சத்தத்தில் பாதி அதுதான். இந்த வண்டியில் கேம்பரும் காஸ்டரும் (அலைன்மென்ட்டில் பார்க்கும் சாய்வு அளவுகள்) திருத்துவது அதே லோயர் ஆர்மில் உள்ள கேம் போல்ட்டில். 15 வருட வண்டியில் அது புஷ்ஷின் இரும்புக் குழாயோடு துருப்பிடித்து இறுகிப்போயிருப்பது சகஜம். அதை விடுவிப்பதற்குள் நாக்குத் தள்ளிவிடும், சில சமயம் வெட்டித்தான் எடுக்க வேண்டும். என் வண்டியில் அந்தப் போல்ட்டின் துருவில் ஒரு ஸ்பேனர் தடம்கூட இல்லை. "அலைன்மென்ட் பண்ணியாச்சுங்க" என்ற பேச்சின் லட்சணம் அதுதான். டயர் உள்பக்கம் தேய ஆரம்பித்திருந்தது.

எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். முதலில், சப்ளையர் ஏமாற்றிவிட்டார் என்றார்கள். சப்ளையர் பில்லைக் கேட்டதும் பேச்சு மாறியது. "கேஸு கீஸுனு போனீங்கன்னா உங்க வண்டிதான் ஆர்.டி.ஓ.ல மாட்டும், உயரத்தை மாத்துனது நீங்கதானே சார்" என்றார் முதலாளி. இந்த மிரட்டலுக்குப் பயந்துதான் பலர் வாயை மூடிக்கொண்டு போகிறார்கள் என்று நினைக்கிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, கம்பெனி அளவுகளிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது என்பது உண்மை. அதனால் உயரம் ஏற்றும் வேலையில் இறங்குவதற்கு முன் அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். ஆனால் பழைய பொருளைப் புதுசு என்று விற்றதற்கு அது எந்த விதத்திலும் நியாயம் ஆகாது. நான் ஸ்பேசரைக் கழற்றி, கம்பெனி ஸ்ட்ரட்டே புதிதாகப் போட்டு, பழைய உயரத்துக்கு வண்டியைக் கொண்டுவந்துவிட்டேன்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதிந்தேன். கடை பதில் சொல்லவில்லை. பதிவுத் தபாலில் வக்கீல் நோட்டீஸ், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குறைபாடு தெரிந்த இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணமே இல்லை. பொருளைச் சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பிப் பரிசோதிக்கும் அதிகாரமும் ஆணையத்துக்கு உண்டு. அதனால் அந்தப் போலி ஸ்ட்ரட்டுகளைக் கழற்றியபடியே, துடைக்காமல், சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன்.

அட்ஜஸ்டபிள் போட வேண்டும் என்றே இருப்பவர்களுக்கு: பொருளை மாட்டுவதற்கு முன் கையில் வாங்கிப் பாருங்கள். திருகை 1-ல் வைத்து ராடை அமுக்குங்கள், 9-ல் வைத்து அமுக்குங்கள். கையே வித்தியாசத்தைச் சொல்லும். கேஸ் (வாயு) நிரப்பிய ஷாக் என்றால் கட்டியிருக்கும் பட்டையை வெட்டியதும் ராட் தானாக மேலே எழும்ப வேண்டும். பொருளின் மேல் அடித்திருக்கும் நம்பரைப் படம் எடுத்து, அதே நம்பர் பில்லில் வர வேண்டும் என்று சொல்லுங்கள். கழற்றும் பழைய சாமானை முதலிலேயே கேட்டு வாங்கி டிக்கியில் போடுங்கள். என்னுடையது ஸ்கிராப்புக்குப் போயிருக்காது, பெயின்ட் அடித்து இன்னொருவருக்கு விற்றிருப்பார்கள் என்றே நம்புகிறேன். வேலைக்கு முன்னும் பின்னும் சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் டேப் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அலைன்மென்ட்டை வேறு கடையில், ரிப்போர்ட்டோடு செய்யுங்கள். பக்கத்தில் நின்று பார்க்க விடாத கடைக்கு இந்த வேலையைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

கோவை, பொள்ளாச்சி, திருப்பூர் பக்கம் கடந்த இரண்டு வருடத்தில் ஃபார்ச்சூனருக்கோ இன்னோவாவுக்கோ இப்படி "இம்போர்ட்டட் அட்ஜஸ்டபிள்" மாட்டியவர்கள் ஒருமுறை வண்டியைத் தூக்கி, ஸ்டிக்கருக்கு அடியிலும் ஸ்ட்ரட்டின் மேல் வெல்டையும் பாருங்கள். என்னுடையது மாதிரியே இருந்தால் கழற்றுவதற்கு முன் படம் எடுத்து, பில்லோடு எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். என் வக்கீல் இன்னும் இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் வழக்கு வலுவாகும் என்கிறார்.