ஐந்து வருட ஸ்மார்ட் வீடு: கடைசியில் ஜெயித்தது சுவர் சுவிட்ச்தான்

ஸ்மார்ட் பல்பு மாட்டிய முதல் வாரமே வீட்டில் சண்டை. நான் சோபாவில் சாய்ந்துகொண்டு லைட்டைப் போடச் சொல்கிறேன். சாதனம் பதில் தரவில்லை என்கிறது ஸ்பீக்கர். எழுந்து போய்ப் பார்த்தால், அம்மா வழக்கம்போல சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டுப் போயிருக்கிறார். மின்சாரமே இல்லாத பல்புக்கு வைஃபை எங்கிருந்து வரும்? சுவிட்சை யாரும் தொடக்கூடாது என்று செல்லோடேப் ஒட்டினேன். மறுநாள் டேப்பைக் காணோம்.

"லைட்டை நிறுத்தப் போனா சுவிட்ச்ல டேப்பு ஒட்டிக் கெடக்கு. எவன்டா ஒட்டினது?"

எவன் என்று அவருக்குத் தெரியும். நானும் பதில் சொல்லவில்லை. அறையை விட்டு வெளியே வந்தால் விளக்கை அணைக்க வேண்டும் என்று சின்ன வயதில் எனக்குக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். ஒரு பல்பு வாங்கியதற்காக அவர் அதை மறக்க வேண்டும் என்று நான் எதிர்பார்த்தது கொஞ்சம் ஓவர்தான்.

அது நடந்து ஐந்து வருடம் ஆகப்போகிறது. இப்போது வீட்டில் முப்பது சொச்சம் சாதனங்கள் ஓடுகின்றன. வாங்கி ஒதுக்கியவை ஒரு அட்டைப்பெட்டி நிறையப் பரண்மேல் இருக்கின்றன. அந்தப் பெட்டியில் பாதி, ஸ்மார்ட் பல்புகள்.

பல்புகளை ஒரேயடியாகக் கழற்றவைத்தது அம்மா இல்லை, ஒரு ராத்திரி. இரண்டு மணி வாக்கில் மின்சாரம் போய்த் திரும்பி வந்தது. அவ்வளவுதான், வீட்டில் இருக்கும் அத்தனை பல்பும் முழு வெளிச்சத்தில் பளீரென்று எரிய ஆரம்பித்தன. படுக்கையறையில் மூன்று. மகள் விடிந்துவிட்டது என்று நினைத்துப் பல் தேய்க்கக் கிளம்பிவிட்டாள். இது கோளாறு இல்லை, அதை அப்படித்தான் செய்திருக்கிறார்கள் என்று பிறகுதான் புரிந்தது. சுவிட்சைப் போட்டால் எரிய வேண்டும் என்பதற்காக, மின்சாரம் வந்ததும் எரிவதையே இயல்பாக வைத்திருக்கிறார்கள். மனிதன் சுவிட்சைப் போட்டதா, போன கரண்ட் திரும்பியதா என்று பல்புக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இதை மாற்ற ஆப்பில் ஒரு அமைப்பு இருந்தது, நாலு அடுக்குக்கு உள்ளே. மூன்று ராத்திரி கெட்ட பிறகுதான் அது என் கண்ணில் பட்டது.

அதன் பிறகு பல்புகளைச் சாதாரண எல்இடிக்கு மாற்றிவிட்டு, சுவிட்ச் பெட்டிக்குள்ளேயே பொருத்தும் ரிலே மாட்யூல்களுக்குப் போனேன், அதாவது சிக்னல் வந்தால் மின்சாரத்தைத் தானே இணைத்துத் துண்டிக்கும் சின்னக் கருவிகள். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். சுவிட்சுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்ளும். சுவிட்சைத் தட்டினாலும் வேலை செய்யும், போனில் தட்டினாலும் செய்யும், குரலுக்கும் கேட்கும். சுவிட்ச் கீழே இருந்தால் ஆன், மேலே இருந்தால் ஆஃப் என்ற கணக்கு மட்டும் போய்விடும். மாடிப்படிக்குக் கீழே ஒன்று மேலே ஒன்று என்று இரண்டு சுவிட்ச் வைப்பார்களே, அந்த மாதிரி எந்தப் பக்கம் தட்டினாலும் நிலை மாறும். அம்மா இதை ஒரே நாளில் பழகிவிட்டார். அது ஸ்மார்ட் சுவிட்ச் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

வாங்கும் முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான ரிலேக்களுக்கு நியூட்ரல் வயர், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் வயர், வேண்டும். எலக்ட்ரீஷியன் எங்கள் வீட்டில் ஏழு பெட்டிகளைத் திறந்தார். மூன்றில் நியூட்ரலே இல்லை, ஃபேஸ் மட்டும் வந்து போகிறது. நியூட்ரல் இல்லாமல் ஓடும் மாடல்களும் உண்டு. ஆனால் அவை தாங்கள் உயிரோடிருக்கத் தேவையான மின்சாரத்தைப் பல்பு வழியாகவே இழுத்துக்கொள்ளும். வாட் குறைந்த எல்இடி என்றால் அணைத்த பிறகும் மினுக்மினுக்கென்று எரியும். அதற்கு பல்பு பக்கத்தில் பைபாஸ் என்று ஒரு குட்டி உறுப்பைச் சேர்க்க வேண்டும். நான் இரண்டு அறையில் அதைச் செய்தேன். மூன்றாவதில் பொறுமை போய் புது வயரே இழுத்துவிட்டேன். இந்த வேலையை யூடியூப் பார்த்து நீங்களே செய்ய வேண்டாம்.

சரி, குரலுக்கு வருவோம்.

எங்கள் ஸ்பீக்கருக்குத் தமிழ் தெரியாது. எனவே வீட்டில் எல்லோரும் அதனிடம் ஒருவித ஆங்கிலத்தில் பேசுகிறோம். கூடத்துக்கு ஆப்பில் 'ஹால்' என்று பெயர் வைத்திருந்தேன். அம்மா வாயில் அது 'ஆல்' என்றுதான் வரும். நம்மில் பாதிப் பேருக்கு அப்படித்தான். ஒருநாள் ராத்திரி கூடத்து விளக்கை அணைக்கச் சொல்லி 'ஆல் லைட் ஆஃப்' என்றார். ஸ்பீக்கர் சொன்னதைச் சரியாகச் செய்தது, வீட்டில் எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் அணைந்தது. மனைவி அப்போது தலையில் ஷாம்பூவோடு குளியலறையில். "ஏங்க!" என்று உள்ளேயிருந்து வந்த குரலை வைத்தே அன்றைக்கு ராத்திரி பெயரை மாற்றிவிட்டேன்.

என்ன பெயர் வைப்பது என்பதுதான் பிரச்சினை. 'லிவிங் ரூம்' என்று எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. 'ஃப்ரன்ட் ரூம்' என்றால் அதற்கு 'ஃப்ரெண்ட்' என்று கேட்கிறது. கடைசியில் மகள் வைத்த பெயர்: டைகர். கூடத்து விளக்குக்கு டைகர், சமையலறைக்கு ராக்கெட், மொட்டைமாடிக்கு மங்க்கி. ஒன்றோடொன்று ஒட்டாத ஓசைகள் என்பதால் தப்பே வருவதில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள், அம்மா "டைகர் ஆஃப்" என்று அதட்டுவதைக் கேட்டு ஒரு கணம் சுற்றுமுற்றும் பார்ப்பார்கள். குரல் உதவியாளருக்குப் பெயர் வைக்கும்போது அர்த்தத்தைப் பார்க்காமல் ஓசையைப் பாருங்கள். இந்த ஐந்து வருடத்தில் காசு செலவில்லாமல் கிடைத்த பெரிய முன்னேற்றம் எங்களுக்கு இதுதான்.

அலெக்சா என்ற குரல் உதவியாளர் உள்ள அமேசான் எக்கோ ஸ்பீக்கர் முதலில் வெளிவந்தது 2014 நவம்பரில். அப்போதிலிருந்து இந்தக் கருவிகளைப் பற்றி எவ்வளவோ பெருமை பேசியாகிவிட்டது. எங்கள் வீட்டில் குரலால் தினமும் நடப்பது நாலே விஷயம்தான்: டைமர், அலாரம், பாட்டு, கை ஈரமாக இருக்கும்போது விளக்கு. இதில் டைமர் ராஜா. அடுப்பில் வேலையாக இருக்கும்போது கையைத் துடைக்காமல் பத்து நிமிடம் வைக்கச் சொல்ல முடிகிறது பாருங்கள், அதற்காகவே ஸ்பீக்கரை வைத்துக்கொள்ளலாம். ஷாப்பிங் பட்டியல், செய்தி, வினாடி வினா எல்லாம் முதல் மாதத்தோடு சரி.

தனியுரிமை பற்றிச் சொல்லாமல் போனால் தப்பு. இந்த ஸ்பீக்கர்கள் நாள் முழுக்கப் பேச்சை வெளியே அனுப்பிக்கொண்டிருப்பதில்லை. எழுப்பும் சொல்லை மட்டும் கண்டுபிடிக்கும் சின்ன நிரல் ஒன்று கருவிக்குள்ளேயே ஓடும். கடைசிச் சில விநாடி ஒலியை மட்டும் வைத்துக்கொண்டு பழையதை அழித்தபடியே இருக்கும். சொல் கேட்டதாக அது நினைத்தால்தான் அதற்குப் பின் வரும் பேச்சு சர்வருக்குப் போகும். 'நினைத்தால்' என்பதில்தான் வில்லங்கம். டிவியில் வரும் ஏதோ ஒரு பெயர், போனில் பேசும் ஏதோ ஒரு வார்த்தை, எதற்கு வேண்டுமானாலும் விழித்துக்கொள்ளும். ஆப்பில் குரல் வரலாறு என்று ஒரு பகுதி இருக்கிறது. இரண்டாம் வருடம்தான் முதல்முறை திறந்து பார்த்தேன். டைமர், டைமர், பாட்டு, அப்புறம் நான் மகளைக் கணக்குப் பாடத்துக்காகத் திட்டும் எட்டு விநாடி. என் குரல் அவ்வளவு கர்ணகடூரமாக இருக்கும் என்று எனக்கே தெரியாது. முழுசாகக் கேட்காமல் அழித்தேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை தானாக அழியும்படி அன்றே மாற்றினேன். படுக்கையறை ஸ்பீக்கரைக் கூடத்துக்கு நகர்த்தினேன். பதிவுகளைத் தரம் பார்க்க மனிதர்களும் கேட்கிறார்கள் என்ற செய்தி 2019-இலேயே வெளிவந்து, பெரிய நிறுவனங்கள் எல்லாம் பதில் சொல்ல வேண்டிவந்தது. குழந்தைகளின் அலெக்சா குரல் பதிவுகளை அளவுக்கு மீறி வைத்திருந்ததாக எழுந்த வழக்கில், 2023-இல் அமேசான் 2.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அதற்காக ஸ்பீக்கரைத் தூக்கி எறியவில்லை. ஆனால் குடும்ப விஷயம் பேச உட்கார்ந்தால் மைக்கை அணைக்கும் பொத்தானை அமுக்குவது இப்போது கை பழக்கமாகிவிட்டது. மனைவிக்குத்தான் இது முதலில் வந்தது.

வைஃபை தனிக் கதை. மலிவான சாதனங்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் இணையும். போன் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் முதல் இணைப்பின்போது ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் நம் உயிரை எடுக்கும். அதைத் தாண்டி இருபது சாதனம் சேர்த்த பிறகு, என் ரவுட்டர் தினமும் ஒன்றிரண்டைக் கழற்றிவிட ஆரம்பித்தது. ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு ஆப், ஒரு கணக்கு, ஒரு கடவுச்சொல் வேறு. இதற்கிடையில் நான் வாங்கிய ஸ்மார்ட் பிளக்குகளின் நிறுவனம் சத்தமில்லாமல் சர்வரை மூடிவிட்டது. பிளக் நன்றாகத்தான் இருந்தது, பேசத்தான் ஆளில்லை. இது எனக்கு மட்டும் நடந்ததில்லை. வீட்டுச் சாதனங்களை ஒன்றாக இணைக்கும் ரிவால்வ் என்ற ஹப் 2016-இல் இப்படித்தான் செயலிழக்க வைக்கப்பட்டது. இன்ஸ்டியான் என்ற ஸ்மார்ட் வீட்டு நிறுவனத்தின் சர்வர்கள் 2022 ஏப்ரலில் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றன.

அதற்கு மேல் பொறுக்க முடியாமல் ஹோம் அசிஸ்டன்டுக்கு மாறினேன். எல்லாச் சாதனங்களையும் ஒரே இடத்திலிருந்து இயக்க, 2013-இல் பவுலஸ் ஸ்கவுட்சன் தொடங்கிய திறமூல மென்பொருள் அது. வீட்டிலேயே ஒரு சின்னக் கணினியில் ஓடும், இன்டர்நெட் போனாலும் விளக்கு எரியும். சென்சார்களையும் பிளக்குகளையும் வைஃபையிலிருந்து ஜிக்பீக்குக் கொண்டுபோனேன்; குறைந்த மின்சாரத்தில் ஓடும் இன்னொரு வயர்லெஸ் முறை அது. இதில் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஜிக்பீ சிக்னலை வாங்கும் டாங்கிள் என்ற யூஎஸ்பி குச்சியைக் கணினியில் நேரடியாகச் செருகியிருந்தேன், பக்கத்து அறை சென்சார்கூட அடிக்கடி காணாமல் போனது. யூஎஸ்பி 3.0 போர்ட் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒரு மீட்டர் நீட்டிப்புக் கேபிள் போட்டு டாங்கிளைத் தள்ளி வைத்தேன். அன்றோடு தீர்ந்தது. முதலில் மெமரி கார்டில் ஓட்டி, ஒன்றரை வருடத்தில் கார்டு செத்து எல்லாவற்றையும் மறுபடி கட்டினேன். இப்போது எஸ்எஸ்டி, வாரம் ஒரு பேக்கப்.

2025 அக்டோபர் 20 அன்று அமேசானின் கிளவுட் முடங்கி, உலகம் முழுக்க அலெக்சாவும் ரிங் என்ற வாசல் கேமராக்களும் தடுமாறின. ஸ்மார்ட் மெத்தைகள்கூடச் சொன்னபடி கேட்கவில்லை என்று செய்தி வந்தது. தூங்குவதற்கே சர்வர் வேண்டும் என்ற நிலைக்கு மனிதன் வந்துவிட்டான் என்று அம்மாவிடம் சொன்னேன். "மெத்தையில அப்படி என்னடா இருக்கு?" என்று கேட்டார். என்னால் விளக்க முடியவில்லை.

சென்சார்களில் நான் அதிகம் ஏமாந்தது குளியலறையில்தான். அசைவு பார்க்கும் பிஐஆர் சென்சார், உடல் வெப்பம் நகர்வதைத்தான் உணரும். உட்கார்ந்துவிட்டால் ஆள் இல்லை என்று முடிவு செய்து விளக்கை அணைத்துவிடும். இருட்டில் உட்கார்ந்துகொண்டு கையை ஆட்ட வேண்டிய நிலைமை. பிறகு ரேடார் வகை சென்சார் வாங்கினேன். மூச்சு விடும் அசைவைக்கூடக் கண்டுபிடிக்கிறது. ஆனால் அதைக் கூடத்தில் வைத்துப் பார்த்தபோது, சுற்றும் மின்விசிறியையும் ஆள் என்று எடுத்துக்கொண்டது. ஆகவே குளியலறையோடு சரி.

மொத்தத்தில் சிறந்த கொள்முதல் எது என்று கேட்டால், யாரும் பேசாத நீர்க்கசிவு சென்சார். அடியில் இரண்டு உலோகப் புள்ளி, நடுவில் தண்ணீர் பட்டால் கத்தும். சலவை இயந்திரத்துக்குப் பின்னால் போட்டுவிட்டு இரண்டு வருடம் மறந்தே போனேன். ஒரு மதியம் குழாய் இணைப்பு விட்டுப்போனது. நாங்கள் யாரும் அந்தப் பக்கம் இல்லை. சத்தம் கேட்டு ஓடியபோது தண்ணீர் ஒரு கால்மிதியின் அகலத்துக்குத்தான் பரவியிருந்தது.

மின்சாரம் மிச்சமாகும் என்று வாங்குகிறவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். அணைந்திருக்கும் ஸ்மார்ட் பல்பும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறது. ஒன்றுக்கு அரை வாட் என்று வைத்தாலும், பத்து பல்பு வருடத்துக்கு 44 யூனிட் வெறுமனே தின்னும். ஹீட்டர் மாதிரி பெரிய சுமையைச் சின்ன பிளக்கில் மாட்டுவது வேறு ஆபத்து. 2,000 வாட் என்றால் 230 வோல்ட்டில் 9 ஆம்பியருக்குக் கொஞ்சம்தான் குறைவு. 10 ஆம்பியர் பிளக் அதைத் தாங்கும் என்று பெட்டியில் போட்டிருக்கும். என்னுடையது ஆறு மாதத்தில் துளையோரம் பழுப்பேறி உருகியிருந்தது. இப்போது ஹீட்டருக்கு, பெரிய சுமையைத் தாங்கும் கான்டாக்டர் என்ற தனி சுவிட்சைப் போட்டு, ரிலே அதை மட்டும் இயக்குகிறது.

ஸ்மார்ட் பூட்டு வாங்கவில்லை, வாங்கப்போவதும் இல்லை. சாவி நன்றாகத்தான் வேலை செய்கிறது.

இந்த வாரம் பாக்கியிருக்கும் வேலை, குளியலறை வாசல் சென்சாருக்கு பேட்டரி மாற்றுவது. 8 சதவீதம் என்கிறது ஆப். மூன்று மாதமாக அதே 8 தான். புது பேட்டரி வாங்கி மேஜைமேல் வைத்திருக்கிறேன். மாற்றினால் மறுபடி இணைத்தாக வேண்டும், அதனால் அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.